ஏழு கறியும் ஓர் அணியும்: ஹாஸ்கலில் அணிகளோடு வேலை செய்யத் தொடங்குவோருக்கு

காவடி முடிந்த மறுநாள், என் மனைவியின் அண்ணன் மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, மொரீஷியஸில் ரோஸ்ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். ரெதுயீயில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறையில் தானாகவே ஹாஸ்கல் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருந்தான். மதிப்புகளை எண்ணிட்ட இடங்களில் வரிசையாக வைக்கும் அணியில் (அரே) வந்து மாட்டிக்கொண்டான். "மாமா, அணியில் மூன்றாவது இடத்தில் இருப்பதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பைத்தானில் இது ஒரே வரி. இதில் எங்கே தேடியும் வழி அகப்படவில்லையே!" என்றான். எரிச்சல் முகத்தில் தெரிந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து எபேனுக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் இதே எரிச்சல் இருந்தது. அன்று அவனுக்குச் சொன்னதை, பிறகு எங்கள் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. கட்டளைகளின் பெயர்களை இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில், ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை ஹாஸ்கல் கண்டிப்பாகப் பார்க்கும். சார்புகளின் (ஃபங்ஷன்) பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். வகைகளின் பெயரும் அவற்றின் மதிப்புகளின் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்கும். 'லிஸ்ட்அரே' போன்ற கூட்டுப் பெயர்களில் நடுவில் வரும் 'அரே'யின் முதல் எழுத்து பெரியது. முதல் வாரத்துப் பிழைகளில் பாதி இதில்தான் வரும்.

படி 1: நிறுவுதல்

ஜி.எச்.சி.அப் என்ற நிறுவியை இறக்கிக்கொண்டால் கம்பைலரும், கபால் என்ற தொகுப்புக் கருவியும் சேர்ந்தே வந்துவிடும். முனையத்தில் ஜி.எச்.சி.ஐ என்று அடித்து உள்ளே போங்கள்.

இம்போர்ட் டேட்டா.அரே

பிழை ஏதும் வராவிட்டால் நீங்கள் தயார். பின்னால் கபால் திட்டமாக எழுதும்போது, திட்டத்துக்குத் தேவையான தொகுப்புகளின் பட்டியலில் 'அரே' என்ற பெயரையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

படி 2: பட்டியல் வேறு, அணி வேறு

சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவது ஹாஸ்கலில் பட்டியல். அது அணி அல்ல. கைகோத்து நிற்கும் வரிசை போன்றது பட்டியல்: ஐநூறாவது ஆளைப் பார்க்க வேண்டுமானால் முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டிப் போக வேண்டும். இரட்டை ஆச்சரியக்குறி (!!) போட்டுப் பட்டியலில் ஓரிடத்தை எடுக்கலாம்; ஆனால் இடம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நேரம் ஆகும். தலையிலிருந்து வால்வரை ஒருமுறை நடந்து முடிக்கும் வேலைக்குப் பட்டியலே போதும், அதுவே அழகும்கூட. நடுவில் எங்கெங்கோ எட்டிப் பார்க்க வேண்டிய வேலைக்குத்தான் அணி.

படி 3: முதல் அணி

மொரீஷியஸ் தமிழர் வீட்டு விசேஷங்களில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது வழக்கம். என் மாமியார் வீட்டு இலையை ஓர் அணியாக எழுதினால் இப்படி இருக்கும்:

இலை = லிஸ்ட்அரே (1, 7) ["வாழைக்காய்", "பூசணி", "பலா", "கத்தரி", "கீரை", "பருப்பு", "சட்னி"]

அடைப்புக்குறிக்குள் இருக்கும் (1, 7) என்பது எல்லை. இரண்டு முனைகளும் கணக்கில் சேரும். பூச்சியத்திலிருந்து தொடங்க விரும்பினால் (0, 6) என்று எழுத வேண்டும். பிற மொழிப் பழக்கத்தில் (0, 7) என்று எழுதினால் எட்டு இடங்கள் உண்டாகும். உங்கள் பட்டியலிலோ ஏழு கறிதான் இருக்கிறது. ஹாஸ்கல் அப்போது ஒன்றும் சொல்லாது. எட்டாவது இடத்தைத் தொடும்போதுதான் நிரல் பிழை சொல்லி நிற்கும். தொடாதவரை ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இந்தப் பிழை வாரக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடியது.

ஓரிடத்தை எடுக்க ஒற்றை ஆச்சரியக்குறி:

இலை ! 3

இதை அடித்துவிட்டுப் 'பலா' வரும் என்று காத்திருந்த பையனுக்கு, சாய்கோடுகளும் எண்களுமாக ஏதோ வந்தது. "கெட்டுப்போய்விட்டது மாமா!" கெட்டுப்போகவில்லை. ஜி.எச்.சி.ஐ ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) காட்டும்போது ஆங்கிலமல்லாத எழுத்துகளை அவற்றின் யூனிகோடு எண்ணாக எழுதிக் காட்டும். 'கறி' என்று கொடுத்தால் "\2965\2993\3007" என்று வரும்: க, ற, பிறகு இகரக் குறி. புட்ஸ்ட்ர்எல்என் என்ற கட்டளையை முன்னால் போட்டால் தமிழாகவே தெரியும். இந்த ஒரு வரியைப் பெரும்பாலான பாடங்கள் சொல்லாமல் விடுவதற்குக் காரணம், எழுதியவர்களுக்குத் தமிழில் சோதித்துப் பார்க்கும் தேவை வராததுதான்.

எல்லையைத் திரும்பக் கேட்கப் பவுண்ட்ஸ், எல்லா மதிப்புகளையும் பட்டியலாகப் பெற எலெம்ஸ், இடமும் மதிப்பும் ஜோடியாக வேண்டுமானால் அசாக்ஸ். ஒவ்வொரு மதிப்பின்மீதும் ஒரு சார்பைச் செலுத்த, பட்டியலுக்கு மேப் போல, அணிக்கு எஃப்மேப். இவற்றை ஜி.எச்.சி.ஐயில் இரண்டு நிமிடம் தட்டிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

இந்த மொழிக்குப் பெயர் தந்தவர் ஹாஸ்கல் கறி என்ற அமெரிக்கத் தருக்கவியலாளர் (1900–1982). அந்தக் கறிக்கும் நம் கறிக்கும் உறவில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

படி 4: மாற்றுவது, அதாவது மாற்றாமல் இருப்பது

பையனின் கேள்விக்கு வருவோம். அவனுக்கு நான் பதிலாகச் சொன்னது நோட்டுக் கதை. 1998 நவம்பரில் இங்கே புதிய ரூபாய் நோட்டுகள் வெளியாயின. அதுவரை நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசை மாறி, தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையோடு வேறு நோட்டுகள் வந்தன. அவன் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனாலும் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை.

அச்சாகி வெளியே போன நோட்டில் ஒரு வரியை அழித்து வேறு வரி எழுத முடியாது. புதிதாக அச்சடிக்கத்தான் வேண்டும். ஹாஸ்கல் அணியும் அப்படியே.

பழையது = லிஸ்ட்அரே (1, 3) ["ஆங்கிலம்", "இந்தி", "தமிழ்"]
புதியது = பழையது // [(2, "தமிழ்"), (3, "இந்தி")]

இரட்டைச் சாய்கோட்டுக்கு வலப்புறம், எந்த இடத்தில் எது வர வேண்டும் என்ற ஜோடிகளின் பட்டியல். விடை ஒரு புதிய அணி. 'பழையது' என்ற பெயரில் இருப்பது அப்படியே இருக்கிறது. இதைக் கண்ணால் காணாமல் நம்ப வேண்டாம்: இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். பழையது பழையதாகவே இருப்பதால், அதை நம்பி எழுதிய வேறு எந்த வரியும் உங்கள் முதுகுக்குப் பின்னால் பொய்யாகிவிடாது. இந்த மொழியில் பலர் விரும்பி வேலை செய்வதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

ஆனால் விலை இருக்கிறது. ஓரிடம் மாறினாலும் முழு அணியும் நகலெடுக்கப்படும். உள்ளே இருக்கும் மதிப்புகள் நகலாவதில்லை, அவற்றைச் சுட்டும் இடங்கள்தான். இருந்தாலும் இடங்கள் எத்தனையோ அத்தனை வேலை. எபேனுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில், ஒரு லட்சம் இடங்கள் கொண்ட அணியை எடுத்துக்கொண்டு, ஒரு லட்சம் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு தடவையும் // போட்டு ஓரிடத்தில் ஒன்றைக் கூட்டினேன். ஒரு லட்சத்தை ஒரு லட்சத்தால் பெருக்கினால் ஆயிரம் கோடி. கீழே போய் ஒரு தால்பூரி தின்றுவிட்டு வந்தேன். ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று தின்றிருக்கலாம்.

ஆகவே, சுழற்சிக்குள் // வேண்டாம். மாற்றங்களை எல்லாம் ஒரே பட்டியலாகத் திரட்டி, ஒரே தடவை கொடுங்கள். நகலும் ஒரே தடவைதான். எண்ணிக்கை எடுக்கும் வேலை என்றால் அதற்கென்றே வேறு ஒன்று இருக்கிறது.

படி 5: எண்ணிக்கைக்கு அக்யூம்அரே

மொரீஷியஸ் முதன்மைத் தீவில் ஒன்பது மாவட்டங்கள். எங்கள் வகுப்பில் சேர்ந்தவர்கள் எந்தெந்த மாவட்டத்திலிருந்து வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். மாவட்டங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, எது எந்த எண் என்று மண்டையில் சுமக்க வேண்டியதில்லை. மாவட்டத்தின் பெயரையே சுட்டாக, அதாவது அணியில் இடத்தைக் குறிப்பதாக, வைக்கலாம்.

டேட்டா மாவட்டம் = போர்ட்லூயி | பாம்ப்லமூஸ் | ரிவியேர்துராம்பார் | ஃப்ளாக் | கிராண்ட்போர்ட் | சவான் | பிளேன்வில்லெம் | மோக்கா | பிளாக்ரிவர் டிரைவிங் (ஈக்யூ, ஆர்ட், ஐஎக்ஸ், ஷோ)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஐஎக்ஸ் என்பதுதான் இதை அணியின் சுட்டாகப் பயன்படுத்த அனுமதி தருகிறது. 'டிரைவிங்' (deriving) என்று எழுதினால் கம்பைலரே அதற்கான வேலையைச் செய்துகொள்ளும். பிறகு:

எண்ணிக்கை = அக்யூம்அரே (+) 0 (போர்ட்லூயி, பிளாக்ரிவர்) [(ம, 1) | ம <- வந்தவர்கள்]

இதை இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு மதிப்புகள் வந்தால் அவற்றைக் கூட்டு. ஒவ்வோர் இடமும் பூச்சியத்தில் தொடங்கட்டும். எல்லை போர்ட் லூயியிலிருந்து பிளாக் ரிவர்வரை. வந்தவர் ஒவ்வொருவருக்கும் அவருடைய மாவட்டத்தில் ஒன்று. ஒரே நடையில் முடிந்துவிடுகிறது. என்னுடைய ஆயிரம் கோடி, இதில் இரண்டு லட்சம் சொச்சமாகச் சுருங்கியது.

எண்ணிக்கை ! பிளேன்வில்லெம் என்று கேட்டால் ரோஸ்ஹில், காத்ர்போர்ன் பிள்ளைகளெல்லாம் அதில் வந்துவிடுவார்கள். சுட்டுக்கு ஜோடியும் வைக்கலாம்: (1, 1) முதல் (8, 8) வரை என்று எல்லை கொடுத்தால் சதுரங்கப் பலகை தயார். கூடுதல் அடைப்புக்குறி மட்டும் கவனம்: எல்லை ((1, 1), (8, 8)) என்று வரும்.

படி 6: தன்னையே பார்க்கும் அணி

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கடைக்காரர் 40 ரூபாய் சில்லறை தர வேண்டும். மிகக் குறைந்த காசுகளில் எப்படித் தருவது? எடுத்த எடுப்பில் பெரிய நோட்டிலிருந்து தொடங்குவோம்: 25 ரூபாய் நோட்டு ஒன்று, மீதி 15, அதற்கு 10 ஒன்று, 5 ஒன்று. ஆக மூன்று. ஆனால் இங்கே 20 ரூபாய் நாணயம் இருக்கிறது. இரண்டு 20 கொடுத்தால் முடிந்தது. 20, 25 இரண்டும் புழங்கும் நாட்டில் பெரியதிலிருந்து தொடங்கும் வழி கைவிடுகிறது. எல்லாத் தொகைக்கும் முறையாகக் கணக்குப் போட வேண்டும்.

காசுகள் = [1, 5, 10, 20, 25, 50, 100, 200, 500, 1000, 2000]

குறைந்தது தொகை = விடை ! தொகை
  வேர்
    விடை = லிஸ்ட்அரே (0, தொகை) [கணக்கு இ | இ <- [0 .. தொகை]]
    கணக்கு 0 = 0
    கணக்கு இ = 1 + மினிமம் [விடை ! (இ - க) | க <- காசுகள், க <= இ]

இரண்டாம் வரியில் உள்ள 'வேர்' தமிழ்ச் சொல் அல்ல, where என்ற கட்டளை. குறைந்தது 40 என்றால் 2 வரும். குறைந்தது 90 என்றால் 3 வரும்: 50, 20, 20. நம் கைவழக்கப்படி கொடுத்திருந்தால் 50, 25, 10, 5 என்று நான்கு போயிருக்கும்.

பையன் மூன்றாம் வரியையும் ஐந்தாம் வரியையும் மாறி மாறிப் பார்த்தான். "விடை என்ற அணியைக் கட்டக் கணக்கு வேண்டும். கணக்குப் போட விடை வேண்டும். இது எப்படி ஓடும்?"

நல்ல கேள்வி. டேட்டா.அரே தரும் அணி சோம்பேறி. அதாவது, கட்டும்போது எல்லை மட்டும்தான் உடனே கணக்கிடப்படும். ஒவ்வோர் இடத்திலும் மதிப்புக்குப் பதிலாக, 'கேட்டால் இப்படிக் கணக்கிட்டுக்கொள்' என்ற சீட்டு மட்டும் இருக்கும். நாற்பதாவது இடத்தைக் கேட்கிறோம். அது 39, 35, 30, 20, 15 ஆகிய இடங்களைக் கேட்கிறது. அவை தமக்குக் கீழே உள்ளவற்றைக் கேட்கின்றன. பூச்சியத்தில் போய் முட்டி விடைகளோடு மேலே திரும்புகின்றன. ஒருமுறை கணக்கிட்டதும் சீட்டின் இடத்தில் விடை உட்கார்ந்துகொள்ளும். அடுத்து யார் கேட்டாலும் விடை கையில் கிடைக்கும், மறுபடி கணக்கு இல்லை. எந்த இடத்தை முதலில் நிரப்புவது, எந்த வரிசையில் போவது என்ற கவலை நமக்கு இல்லை. ஓர் இடத்துக்கும் மற்ற இடங்களுக்கும் என்ன உறவு என்று மட்டும் சொன்னோம்.

பையனிடம் நான் சொல்ல விரும்பியதும் இதுதான். மூன்றாவது இடத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்த மொழி முரண்டு பிடிக்கும். முழு அணியும் என்னவாக இருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகினால், முக்கால்வாசி நேரம் மாற்ற வேண்டிய தேவையே எழாது.

ஓர் எச்சரிக்கை. வேகத்துக்காக டேட்டா.அரே.அன்பாக்ஸ்டு என்ற தொகுதியில் யுஅரே என்று ஒன்று இருக்கிறது. எண்களை நேரடியாக நினைவகத்தில் நெருக்கி அடுக்கும். இடம் மிச்சம், வேகமும் அதிகம். ஆனால் அது சோம்பேறி அல்ல: கட்டும்போதே எல்லா மதிப்புகளையும் கேட்கும். மேலே உள்ள சில்லறைக் கணக்கில் அதைப் போட்டால் அணி தன் வாலைத் தானே பிடிக்க ஓடி மாட்டிக்கொள்ளும். தன்னையே பார்க்கும் அணிக்குச் சாதாரண அரே மட்டும்தான். இன்னொன்று: டேட்டா.அரே, டேட்டா.அரே.அன்பாக்ஸ்டு இரண்டையும் ஒரே கோப்பில் அப்படியே இம்போர்ட் செய்தால், ஆச்சரியக்குறி யாருடையது என்று கம்பைலர் குழம்பும். இரண்டாவதை மட்டும் வையுங்கள். அதிலேயே சாதாரண அரேயும் கிடைக்கும். ஆனால் எது எந்த வகை என்று நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 7: அடுக்களைக்குள் மாற்றலாம்

சில வேலைகள் உண்மையிலேயே இடத்தை மாற்றி மாற்றித்தான் செய்ய வேண்டும். பகா எண்களைக் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போகும் சல்லடை அப்படிப்பட்டது. அதற்கு ஹாஸ்கல் தரும் வழியின் பெயர் எஸ்.டி (ST). அது, லாஞ்ச்பரி, பெய்ட்டன் ஜோன்ஸ் என்ற இரண்டு கணினி அறிவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது.

என் அத்தை சமைக்கும்போது பார்த்திருக்கிறேன். உப்புப் பார்ப்பார், கொஞ்சம் போடுவார், மறுபடி பார்ப்பார், புளி சேர்ப்பார். அடுக்களைக்குள் சட்டி எத்தனை தடவை மாறினாலும் கூடத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இலைக்கு வந்தபின் யாரும் அதில் கைவைப்பதில்லை. எஸ்.டி அந்த அடுக்களை.

சல்லடை எல்லை = ரன்எஸ்டியுஅரே $ டூ
  அணி <- நியூஅரே (2, எல்லை) ட்ரூ
  ஃபார்எம்_ [2 .. எல்லை] $ \இ -> டூ
    பகாவா <- ரீட்அரே அணி இ
    வென் (பகாவா && இ * இ <= எல்லை) $
      ஃபார்எம்_ [இ * இ, இ * இ + இ .. எல்லை] $ \மடங்கு ->
        ரைட்அரே அணி மடங்கு ஃபால்ஸ்
  ரிட்டர்ன் அணி

இதற்கு டேட்டா.அரே.எஸ்டி, டேட்டா.அரே.அன்பாக்ஸ்டு, கன்ட்ரோல்.மோனட் மூன்றையும் இம்போர்ட் செய்யுங்கள். ஜி.எச்.சி.ஐயில் நேராக அடிக்காமல் ஒரு கோப்பில் எழுதி ஏற்றுங்கள். வரித் தள்ளல் ஒரு இடைவெளி பிசகினாலும் தகராறுதான்.

உள்ளே ரீட்அரே படிக்கிறது, ரைட்அரே அதே இடத்தில் எழுதுகிறது, நகல் இல்லை. வெளியே வரும்போது ரன்எஸ்டியுஅரே அதை மாறாத யுஅரேயாக உறையவைத்துத் தருகிறது. அப்போதும் நகல் எடுப்பதில்லை. மாறக்கூடிய அணியை யாராவது கள்ளத்தனமாக வெளியே கொண்டுபோக முயன்றால் கம்பைலர் வகைப் பிழை சொல்லித் தடுத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சல்லடை என்பது எண் கொடுத்தால் அணி தரும் தூய சார்பு, வேறொன்றுமில்லை.

சரியாக எழுதினீர்களா என்று பார்க்க எலெம்ஸ் எடுத்து ட்ரூக்களை எண்ணுங்கள். 100வரை 25 வர வேண்டும். ஒரு லட்சம்வரை 9592.

ரன்எஸ்டி என்று பொதுவான ஒன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் அதன் பக்கம் போக வேண்டாம். நியூஅரே எந்த வகை அணியை உண்டாக்க வேண்டும் என்று தெரியாமல் கம்பைலர் அரைப் பக்கத்துக்குப் பிழை எழுதும். ரன்எஸ்டியுஅரேயில் வகை தானாகவே தெரிந்துவிடுகிறது.

படி 8: வெக்டர், இன்னும் சில

வேலையிடங்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது வெக்டர் என்ற தொகுப்பு. அது கம்பைலரோடு வராது. கபாலில் சேர்க்க வேண்டும். சுட்டு எப்போதும் பூச்சியத்திலிருந்து. மாவட்டப் பெயரைச் சுட்டாக வைக்கும் சொகுசு இல்லை. பதிலுக்கு, ஒரு பகுதியை நகலெடுக்காமலே வெட்டித் தரும். அடுத்தடுத்து வரும் மேப், ஃபில்டர் போன்றவற்றை இயன்றவரை ஒரே சுழற்சியாகப் பிணைத்துவிடும். எல்லை தாண்டினால் நிரலைக் கவிழ்க்காமல் 'இல்லை' என்று பதில் தரும் '!?' என்ற குறியும் உண்டு. இம்போர்ட் செய்யும்போது குவாலிஃபைடு என்று போட்டு ஒரு சுருக்கப் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் சார்புகளின் பெயர்களோடு மோதும்.

நிரல் ஓடும் நேரம் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றம் வந்துகொண்டே இருக்கும், பழைய நிலைகளும் வேண்டும் என்றால் அணியே வேண்டாம். இன்ட்மேப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு நகல் எடுக்காமல், மாறிய கிளையை மட்டும் புதிதாகக் கட்டி, மற்றதைப் பழையதோடு பங்கிட்டுக்கொள்ளும்.

பையனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினேன். உங்களுக்கும் அதுவே: சில்லறைக் கணக்கில் எத்தனை காசு என்பதோடு, எந்தெந்தக் காசு என்றும் சொல்ல வேண்டும். அணியின் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணுக்குப் பதிலாக, எண்ணிக்கையும் காசுப் பட்டியலும் சேர்ந்த ஜோடியை வையுங்கள். மினிமம் ஜோடிகளையும் ஒப்பிடும், முதலில் முதல் உறுப்பை வைத்து, அது சமமானால் இரண்டாவதை வைத்து. ஆகவே மாற்ற வேண்டியவை இரண்டே வரிகள்.